புதன்கிழமை ரசிகர்

"இண்டைக்கும் பாட்டுக் கேக்க அந்தப் பியர்ப் பப்புக்குப் போகப்போறியளோ?"

இன்னாசித்தம்பி குனிந்து சப்பாத்தைப் போட்டார். மனைவி மக்டலீன் விடவில்லை.

"கோப்பை கழுவினது போதும், பாரந்தூக்கி வண்டி ஓட்டப் பழக்கிறம் எண்டு வேலையிடத்தில கூப்பிடுகினம். புதன் பின்னேர வகுப்பு ஏலாது எண்டு சொல்லிப்போட்டு வாறியள்! அந்தப் பாட்டு அவ்வளவு பிடிச்சுப்போச்சோ?"

"பாட்டோ? தலையிடிக்குது. எதில துவங்கி எதில முடிக்கினம் எண்டே விளங்கேல்லை."

"பிறகேன் போறியள்?"

"கிழவர் ஐஞ்சு பேர், மக்டலீன். பழைய காலத்து ஜாஸ். உயிரைக் குடுத்து வாசிக்கினம். சனம் முதுகைக் காட்டிக்கொண்டு சீட்டு விளையாடுது. ஒருநாள் மழைக்கு ஒதுங்கினன். சும்மா கை தட்டினன். ட்ரம்பெட் ஊதுற மனுசனுக்குக் கண் கலங்கிப்போச்சு. அடுத்த புதன் எனக்கெண்டு முன்மேசையை ஒதுக்கி வைச்சிருந்தினம். அதுக்குப் பிறகு எப்பிடிப் போகாமல் விடுறது?"

"மூண்டு வருசமாவோ?"

"நான் போகாமல் விட்டால் அதுகள் மனம் உடைஞ்சு போயிடுங்கள்."

மக்டலீன் கோட்டை எடுத்து மாட்டினாள். "நானும் வாறன். உங்களுக்கு வாய் வராது. இனி வரமாட்டார் எண்டு நானே சொல்லுறன்."

ஹம்பேர்க் நகரக் குளிரில் இருவரும் நடந்தார்கள். பப்புக்குள் நுழைந்ததும் மேடையில் இருந்த ஐந்து நரைத்த தலைகளும் நிமிர்ந்தன. ட்ரம்பெட்காரர் எழுந்து நின்று தலை குனிந்தார். இன்னாசித்தம்பி முன்மேசையில் அமர்ந்து, முகத்தைச் சிரிப்பாக்கிக்கொண்டு, காலால் தாளம் போடத் தொடங்கினார்.

மக்டலீன் பின்னால் ஒரு கதிரையில் அமர்ந்தாள். இவர்களிடம் போய் எப்படிச் சொல்வது? ஜெர்மன் சொற்களை மனதுக்குள் அடுக்கினாள். எதை வைத்தாலும் கொடுமையாகவே இருந்தது.

வெள்ளை முடிக் கிழவி ஒருத்தி அவளருகில் வந்து அமர்ந்தாள்.

"நீங்கள் அவருடைய மனைவியா? நான் ட்ரம்பெட் ஊதுகிறவரின் மனைவி. உங்களை ஒருநாள் பார்க்கவேண்டும் என்று எவ்வளவு காலமாக நினைத்துக்கொண்டிருந்தேன்!"

நன்றி சொல்லப் போகிறாள் என்று மக்டலீனுக்குப் பயம் பிடித்தது. அதற்குப் பிறகு வாயே திறக்க முடியாது.

"நானும் உங்களிடம் ஒன்று..." என்று முந்தினாள்.

கிழவி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கள் கணவரை இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லுங்கள், தயவுசெய்து! என் மனுசனுக்கு இதய நோய், ஊதவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மற்ற நாலு பேருக்கும் எப்போதோ அலுத்துவிட்டது. ஆனால், 'நாட்டை விட்டு வந்த மனுசன், அவருக்கு இருக்கிற ஒரே சந்தோசம் இதுதான், எப்படி நிறுத்துவது?' என்று ஐந்து பேரும் புதன்கிழமை தவறாமல் வந்துவிடுகிறார்கள்!"