சந்திரசேகருக்குப் பிடித்த விஸ்கி

வாசல் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. குணசீலன் போர்வைக்குள் கண்ணைத் திறந்தான்.

“சேகரு வந்து சாப்புட்டுப் போற வரைக்கும் ஒருத்தரும் உள்ள போகப்படாது சாமி,” என்று வாசலில் கந்தப்பன் சொல்லிக்கொண்டிருந்தார். செத்துப்போன சந்திரசேகரின் அண்ணன்.

சந்திரசேகர், சரிதாவின் முதல் புருஷன். குணசீலன் இரண்டாவது.

கல்யாணத்துக்கு முன் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. வருஷத்தில் ஒருநாள் அவருக்குப் படையல் போடுவேன், தடுக்கக் கூடாது. பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டினான். நாலு வருஷமாக அந்தத் தலையைத்தான் நொந்துகொண்டிருக்கிறான்.

சோறும் கறியும் அவன் வயிற்றை எரிக்கவில்லை. எரித்தது அந்த விஸ்கி.

கந்தப்பனின் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கிருந்து யார் ஊருக்கு வந்தாலும் அவர்கள் பையில் ஒரு பாட்டில் வந்துவிடும். சதுர பாட்டில், மரத்தில் மூடி. உயிரோடிருந்தபோது, ரிக் லாரியோடு வடக்கே போய் போர்வெல் போட்டுவிட்டுத் திருச்செங்கோடு திரும்பும்போதெல்லாம் சந்திரசேகர் எங்கேயாவது தேடிப் பிடித்து அதைத்தான் வாங்கி வருவானாம்.

போன வருஷம் குணசீலன் லேபிளைப் படித்துப் பார்த்தான். மக்காச்சோளத்தில் காய்ச்சியது என்று போட்டிருந்தது. அவன் வேலை செய்வது கோழித் தீவன ஆலையில், இரவு ஷிப்ட். விடிய விடிய மூக்கில் ஏறுவது மக்காச்சோளத் தூசிதான்.

“ஏனுங்க, கோழித் தீவனத்தையா பாட்டில்ல ஊத்தி வெச்சிருக்கறானுங்க?”

கந்தப்பன் விடவில்லை. “கோழிக்குப் போட்டா முட்டை. அமெரிக்காக்காரங்கிட்டக் குடுத்தா இது. பிராந்தி குடிக்கறவனுக்கு இதெல்லாம் எங்க தெரியும் தம்பி? எந்தம்பி நாக்கு அப்பேர்ப்பட்ட நாக்கு.”

சரிதா சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை.

படையல் நேரத்தில் வழக்கமாக டீக்கடைக்குப் போய்விடுவான். இந்த வருஷம் ஷிப்ட் முடிந்து வந்ததும் உள்ளறையில் இழுத்துப் போர்த்திப் படுத்துக்கொண்டான். தூங்குகிறவனை யார் எழுப்பப் போகிறார்கள்.

செத்தவனுக்கு இன்றைக்கு ஒரு சொட்டு கிடைக்கக் கூடாது. அவ்வளவுதான் திட்டம்.

எழுந்து கூடத்துக்கு வந்தான். மாலை போட்ட போட்டோ. இலை நிறையப் பலகாரம். கந்தப்பன் ஊற்றி வைத்த கிளாஸ், பக்கத்தில் பாட்டில். வருஷா வருஷம் போல ஒரு பன்னீர் சோடாவும் இருந்தது. அப்பேர்ப்பட்ட நாக்கு, கடைசியில் சோடா கலந்துதான் குடித்திருக்கிறது.

கிளாஸைத் தூக்கி மோந்தான். வெல்லப்பாகு. வறுத்த சோளம். அடியில் கரிந்த பலகை வாசம். நன்றாகத்தான் இருந்தது. அதற்கும் சேர்த்து எரிந்தது.

உதட்டுக்குக் கொண்டுபோகும்போது கொல்லைக் கதவின் தாழ் நகர்ந்தது.

கிளாஸை வைத்துவிட்டு உள்ளறைக் கதவின் பின்னால் ஒண்டினான்.

சரிதா. ஓசைப்படாமல் வந்தாள். போட்டோவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

சோடாவைத் திறந்து ஒரு டம்ளரில் ஊற்றினாள். டம்ளரைப் போட்டோவின் முன் வைத்தாள். விஸ்கி கிளாஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

கிளாஸால் டம்ளரை லேசாக இடித்தாள். நாள்பட்ட பழக்கம் போல.

தண்ணீர் கலக்கவில்லை. ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் வைத்திருந்து, கண்ணை மூடினாள். தோள் இரண்டும் மெல்ல இறங்கின. நாலு வருஷத்தில் அந்த முகத்தை அவன் பார்த்ததில்லை.

“போன வருசத்தது தொண்டையக் கமறுச்சு. இது தேவலாமுங்க,” என்றாள் போட்டோவிடம்.

இன்னொரு வாய். போட்டோ ஏதோ கேட்டது போலத் தலையைச் சாய்த்தாள்.

“அவரா? அவருக்குத் தெரியாதுங்க. உங்களாட்டம் எனக்கு என்ன புடிக்கும்னு கேட்டாத்தான சொல்றது.”

கிளாஸில் பாதியை மிச்சம் வைத்தாள். சோடாவை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தாள். தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் அதக்கிக்கொண்டு, வந்த வழியே போனாள்.

இந்த ஒருநாள்தான் அவள் வெற்றிலை போடுவாள். செத்தவனை நினைத்துப் போடுகிறாள் என்று அதற்கும் அவன் தனியாக வெந்திருக்கிறான்.

குணசீலன் போய்ப் படுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டான். வாசல் கதவை மூன்று தட்டுத் தட்டித் திறந்தார்கள்.

“பாரு அம்மிணி, பாதி கிளாஸு காலி! வந்துட்டுப் போயிட்டான் பாரு எந்தம்பி!” கந்தப்பனின் குரல் தழுதழுத்தது.

“ஆமாங்க மாமா. அதுன்னா அவருக்கு உசுரு.”

மிச்ச விஸ்கி பாட்டிலோடு கந்தப்பனின் காரில் போய்விடும். அடுத்த படையல் வரை அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்துப் போர்வை விலகியது. சரிதா தட்டோடு நின்றிருந்தாள்.

“எந்திரிங்க. பணியாரம் தனியா எடுத்து வெச்சிருக்கறேன். ஓரம் முறுகலா இருந்தாத்தான உங்களுக்குப் புடிக்கும்.”

முறுகல் பிடிக்கும் என்று அவன் அவளிடம் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அவளுடைய உதடு சிவந்திருந்தது. உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்க வாயைத் திறந்தான். இன்றைக்குப் பார்த்துக் கேட்டால், ஒளிந்து நின்றது தெரிந்துவிடும்.

திறந்த வாயில் பணியாரத்தைப் போட்டுக்கொண்டான்.