நான்காம் படகுக்கு நேரமில்லை

நாகப்பட்டினத்துக்கு அப்பால் உடைந்த கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. புயலும் நெருங்கிவிட்டது. எந்தப் படகு எப்போது கரை திரும்ப வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டு அறையின் செயற்கை நுண்ணறிவு எந்திரமே முடிவு செய்யும்; அதை வயர்லெஸ்ஸில் வாசிப்பது மட்டும்தான் ஸ்டெல்லாவின் வேலை.

திரையில் மூன்று படகுகளுக்கு நேரம் வந்தது. நான்காவதற்கு எதிரே ஒன்றுமில்லை. அதில்தான் படகோட்டி நெப்போலியனும் இன்னும் இருவரும் எண்ணெயைத் தடுக்கும் மிதவை வேலியை இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

"விட்டுப்போச்சா சார்?" என்று மேலாளரிடம் கேட்டாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இல்லம்மா. வேலியை விட்டா பன்னிரண்டு ஊருக்கு எண்ணெய் வந்துரும். படகுல மூணு பேருதான்."

ஸ்டெல்லா மைக்கை எடுத்தாள்.

"அண்ணே, வேலிக் கயித்த அறுத்துட்டு உடனே திரும்புங்க."

காற்றின் இரைச்சலுக்குள் நெப்போலியனின் குரல் கேட்டது. "அது சொல்லுதா, நீ சொல்றியா?"

"நான்தான் சொல்றேன்."

"சரிம்மா" என்றார்.

மூவரும் உயிரோடு கரையேறினார்கள். பின்னாலேயே எண்ணெயும் வந்து பன்னிரண்டு ஊர்க் கரையும் கறுத்துப்போனது.

அடுத்த புயலுக்கான திட்டம் மறுவாரமே வந்தது. இனி உத்தரவுகள் நேராகப் படகுகளுக்கே போகும், வாசிக்க ஆள் வேண்டாம் என்று அதில் இருந்தது.