வவ்வால் புகுந்த அறை

"ஏட்டி மஞ்சு, வவ்வாலு போயிட்டுதா?" சாத்திய படுக்கையறைக் கதவுக்கு வெளியே நின்று மணிமுத்து கேட்டான்.

"இல்லங்க, தலைக்கு மேலயே சுத்துது." உள்ளே அவன் மனைவியின் குரல் நடுங்கியது.

"லைட்ட அணைச்சிட்டு சன்னலத் திறந்து வையி. தானா போயிரும்."

"திறந்துதான் வச்சிருக்கேன். போகமாட்டேங்குது."

மணிமுத்து செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்கு மாம்பழ லோடு ஓட்டுபவன். அங்கே நிபா காய்ச்சல் வந்ததிலிருந்து வவ்வால் என்றாலே அவனுக்கு உதறல்.

"அப்பக் கதவத் திறந்துராத. அது போனதும் சொல்லு, வாரேன்." அவன் கூடத்துக்கு நகர்ந்தான்.

மஞ்சு உள்தாழ்ப்பாளை இன்னொரு முறை அழுத்திவிட்டு, தென்காசியிலிருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டுத் தணிந்த குரலில் பேசினாள்.

"அண்ணே, இன்னைக்கும் பெல்ட்டக் கையில வச்சிக்கிட்டு நிக்காரு. வவ்வாலு அப்பவே பறந்து போயிட்டுது. அது அவருக்குத் தெரியுமுன்ன வந்துருங்க."