வாளிக்கு விழுந்த துளைகள்

ஒரு வீட்டுக் கொல்லையில் பெயிண்ட் வாளி ஒன்று இருந்தது. சுவருக்குப் பெயிண்ட் அடித்து முடிந்ததும், காய்கறிக் கழிவைப் போட்டு உரமாக்கலாம் என்று வீட்டுக்காரி செண்பகம் அதை அங்கே கொண்டுவந்து வைத்தாள். ஒரு சொட்டுக்கூட ஒழுகாத உடம்பு, இறுக்கமான மூடி என்று வாளிக்கு ஏகப் பெருமை.

சில நாளில் உள்ளே கிடந்த தோலும் தண்டும் அழுகி நாறத் தொடங்கின. வாளிக்கு மானம் போயிற்று. வெளியே தெரியக்கூடாது என்று மூடியை இன்னும் இறுக்கிக்கொண்டது. நாற்றம் கூடியதே தவிரக் குறையவில்லை.

"என்னக்கா, உடம்புக்கு முடியலையா?" என்று பக்கத்திலிருந்த செம்பருத்தித் தொட்டி கேட்டது.

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன்," என்றது வாளி.

"இப்படியே நாறினா குப்பை வண்டியிலதான் போடணும்," என்று முனகிய செண்பகம், கடைசி முயற்சியாக ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சி எடுத்து வந்தாள்.

வாளி நடுங்கிப்போனது. "ஐயோ, ஓட்டை விழுந்தா என்னை யார் மதிப்பா?"

"எனக்கும் அடியில ஓட்டை இருக்குக்கா. இல்லேன்னா வேர் அழுகி எப்பவோ போயிருப்பேன்," என்றது தொட்டி.

கம்பி அடியிலும் பக்கவாட்டிலும் இறங்கியது. சுட்டது. தேங்கியிருந்த கறுப்புத் தண்ணீர் எல்லோரும் பார்க்க வழிந்தோடியது. செண்பகம் காய்ந்த சருகை அள்ளிப் போட்டுக் கிளறிவிட்டாள். வாளிக்குள் முதல்முறையாகக் காற்று புகுந்தது.

சாயங்காலம் அடித்துளை வழியே ஒரு மண்புழு தலைநீட்டி, "உள்ளே வரலாமா?" என்றது.

வாளி கூசியது. "உள்ளே எல்லாம் அழுகிக் கிடக்கே."

"அதைக் கேள்விப்பட்டுத்தானே வந்தேன்," என்றது மண்புழு.