தீ தெரிகிற அடுப்பு

"வந்து முழுசா மூணு மாசம் ஆகல. அதுக்குள்ள குசினி மேடைய இடிக்கச் சொல்லிட்டாராமே புதுச்சாமி!"

செய்தி காதில் விழுந்ததிலிருந்து வேதமுத்துவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கடற்கரை ஊரின் கோயில் கமிட்டித் தலைவர் அவர். பங்குச்சாமியாக வருகிற பாதிரியார் வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள்.

அது சாதாரண சமையல் மேடையா என்ன? எந்தக் காலத்திலோ ஒரு ஜெர்மன்காரப் புண்ணியவான் கப்பலில் அனுப்பிவைத்த கரண்ட் அடுப்பு, மேடையோடு மேடையாகச் சிமெண்டில் பதித்தது. ரெண்டு கறுப்பு இரும்புத் தட்டு, அவ்வளவுதான். புகை கிடையாது, தீ கிடையாது, சத்தம் கிடையாது. திருவிழாவுக்கு வருகிற விருந்தாளிகள் கோயிலைப் பார்த்த கையோடு சாமி வீட்டுக் குசினிக்கும் வந்து இந்த அடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

அதைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, வள்ளியூரிலிருந்து கேஸ் அடுப்பு வரப்போகிறதாம். ஏன் என்று கேட்டதற்குச் சாமி சொன்ன பதிலில்தான் ஊரே சிரித்தது.

"எனக்கு அடுப்புன்னா தீ கண்ணுக்குத் தெரியணும்."

"சாமிக்குத் தீயைக் கண்ணால பாத்தாத்தான் பசிக்குமாம்லே!" என்று மீன் ஏலம் போடுகிற இடம்வரைக்கும் கேலி. 'சொகுசுச் சாமி' என்று பேரே வைத்துவிட்டார்கள்.

வேதமுத்துவுக்குக் கவலை அடுப்பைப் பற்றி மட்டுமல்ல, சாலோமியைப் பற்றியும்தான். புருஷனைக் கடலில் பறிகொடுத்துவிட்டு நின்றவளைச் சாமி வீட்டுச் சமையலுக்குச் சேர்த்துவிட்டதே அவர்தான். அதை விட்டால் அவளுக்கு வேறு போக்கு இல்லை. இன்றைக்கு அடுப்பை மாற்றுகிறவர் நாளைக்கு ஆளை மாற்ற மாட்டாரா?

"ஊருன்னு ஒண்ணு இருக்குன்னு சாமிக்குக் காட்டிட்டு வாரேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

கறாரான ஆள் என்று அவருக்குப் பேர். கோயில் மணி அடித்துக்கொண்டிருந்த சிலுவைமுத்துவுக்குப் போன வருஷம் கண் மங்கியபோது, "கோபுரப் படியில விழுந்து கிழுந்து வச்சா ஊருக்குல்லா கெட்ட பேரு?" என்று பொன்னாடை போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவைத்தவர் அவர்.

குசினி வாசலில் கொத்தனார் கடப்பாரையோடு உட்கார்ந்திருந்தார்.

"நான் சொல்லாம ஒரு செங்கல் அசையக் கூடாது வே" என்று அவரை அதட்டிவிட்டு வேதமுத்து உள்ளே போனார்.

சாலோமி காப்பிப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, சுவிட்சை அணைத்தாள். அடுப்பின் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"அடுப்பு போனா அடுத்தது நாந்தானண்ணே? எனக்குத் தெரியாதா? இந்தக் குசினிய விட்டா எனக்கு என்ன இருக்கு?"

"நான் இருக்கும்போது ஒன்ன யாரு அனுப்ப முடியும்? இன்னைக்குச் சாமிகிட்ட நேருக்கு நேரா..."

பேச்சு பாதியில் நின்றது. ஏதோ கருகுகிற வாடை.

"என்னமோ கரியுத மாதிரி இல்ல?"

"இல்லையேண்ணே. அடுப்ப அணைச்சாச்சே."

வேதமுத்துவின் பார்வை அவள் கைக்குப் போனது. "ஏ சாலோமி, கைய எடு!" என்று கத்திவிட்டார்.

வெடுக்கென்று எடுத்து முந்தானைக்குள் மறைத்தாள். "சூடே இல்லண்ணே" என்றாள், முகம் வெளிறிப்போய்.

அவர் விரல் நுனியால் அந்தக் கறுப்புத் தட்டைத் தொட்டார். சுரீரென்றது.

"சக்கரை வியாதிண்ணே. கையெல்லாம் மரத்துப்போச்சு. சூடு பட்டாலும் தெரிய மாட்டேங்கு." அழுதுவிட்டாள். "யாருகிட்டயும் சொல்லிராதீங்க. சாமிக்குத் தெரிஞ்சா அனுப்பிருவாரு."

"சாமிக்கு வந்த வாரமே தெரியும் சாலோமியம்மா."

வாசலில் நின்றார் புதுச்சாமி. சின்ன வயசு. கையில் தீப்புண் களிம்பு.

"கேட்டா நீங்க இன்னும் ஒளிச்சு வைப்பீங்கன்னுதான் பேசாம இருந்தேன். இந்த அடுப்பு சுட்டாலும் கறுப்பு, ஆறினாலும் கறுப்பு. கேஸ்னா தீ எரியுறது கண்ணுக்குத் தெரியும். அதைப் பாத்துக் கைய வைக்கலாம். களிம்பப் போடுங்க. ஒங்க மீன்குழம்ப விட்டுட்டு நான் எங்க போவேன்?"

சாலோமி அழுகையும் சிரிப்புமாகக் களிம்பை வாங்கிக்கொண்டாள்.

வேதமுத்து வெளியே வந்தார். கொத்தனார் அவர் முகத்தையே பார்த்தார்.

"என்னவே பாத்துக்கிட்டு இருக்கீரு? போயி இடியும்!"

பிறகு, பின்னாலேயே வந்த சாமி பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். மனசு தாங்கவில்லை அவருக்கு.

"எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமே சாமி? ஊரு வாயில விழுந்து இந்தப் பேரு வாங்கணுமா?"

சாமி லேசாகச் சிரித்தார்.

"சிலுவைமுத்துக்குக் கண்ணு மங்குதுன்னு, எனக்கு முன்னால இருந்த சாமி ஒங்ககிட்ட மட்டுந்தான் அண்ணாச்சி சொன்னாரு."

வேதமுத்து வீட்டுக்குப் போகிற வழியை விட்டுவிட்டு, சிலுவைமுத்துவின் வாசலில் போய் நின்றார்.

"அண்ணே, நாளைக்குக் காலைப் பூசைக்கு நீருதான் மணி அடிக்கணும். படியேற நான் கையப் பிடிச்சுக்கிடுதேன்."