சிங்கத்தின் வால்

மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் பண்ணைப்புரத்திலிருந்து வண்டி கட்டிவிட்டார்கள் என்று சேதி வந்த பிறகுதான் ராக்கம்மாளின் கண்ணில் அந்தப் புட்டிகள் பட்டன. சுருளி மலைத்தேன் ஊற்றி வைக்க எஸ்டேட் பங்களாவிலிருந்து புருஷன் முத்துக்கருப்பன் வாங்கி வந்த காலிப் புட்டிகள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் சிங்கப் படம் போட்ட பிராந்தி லேபிள்.

"கள்ளுக்கடை மறியல்ல செயிலுக்குப் போனவுக சம்பந்தியா வர்றாக. இதைப் பாத்தா பேச்சே முறிஞ்சு போகுமே!"

"பரண்ல தூக்கி வையி," என்றார் முத்துக்கருப்பன்.

"அவுகளுக்குக் குடுத்துவிடத் தேன் வேணும்ல? வேற எதுல ஊத்த?"

வெந்நீர் ஊற்றினாள். ஓரக் காகிதம் உரிந்ததே தவிர, கோந்தோடு ஒட்டிய சிங்கம் அசையவில்லை. புளி போட்டுத் தேய்த்தாள். அதற்கும் மசியவில்லை. நல்லெண்ணெயில் அடுப்புச் சாம்பலைக் குழைத்து அழுத்தியதும் சிங்கம் பிசுக்கோடு உருண்டு வந்தது. கடைசிப் புட்டியில் வால் மட்டும் மிச்சமிருந்தபோது வாசலில் சலங்கைச் சத்தம் கேட்டுவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா இருளம்மாள் நேரே அடுப்படிக்கே வந்தாள். அவள் பார்வை அந்த வாலில் போய் நின்றது.

"அது... தேன் ஊத்தத்தான்..." ராக்கம்மாள் புட்டியை முந்தானையால் மூடினாள்.

இருளம்மாள் தன் புருஷன் உட்கார்ந்திருந்த கூடத்தை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எதை வச்சு அழிச்சீக, மதினி? நாளைக்கு நீங்க வீடு பாக்க வாறீகள்ல? எங்க பரண் பூராவும் அவுக காலி பண்ணுன சிங்கமாக் கெடக்கு."