ஜன்னலைச் சாத்தச் சொன்னவர்

நீலக் கண்ணாடி வழியே இறங்கும் காலை வெயிலில், ஜெபக்கூடத்துத் தரையில் பரப்பிய மணல் கடலைப் போல அசைகிறது. கரீபியக் கடலின் குராசாவ் தீவில் யூதர்கள் தங்கள் வழிபாட்டுச் சுதந்திரத்தைக் கொண்டாடும் நாள். நன்றிப் பாட்டுப் பாட வேண்டியவர் மருந்துக்கடை யோசுவா கர்தோசே. அவர் வீட்டில் பாடினால் வளர்ப்புக் கிளியே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மேடையை நோக்கி நடக்கிறார். புது ஷூவின் கீச்சொலியை மணல் விழுங்கிவிடுகிறது. குரலையும் இப்படியே விழுங்கிவிடாதா என்று ஏங்குகிறார்.

“ரெய்னா, அந்த ஜன்னலை மட்டும் சாத்திடேன். தெருவுல சிரிப்பாங்க,” என்று ஜன்னலோரம் நிற்கும் மனைவியிடம் கிசுகிசுக்கிறார்.

“நல்லா இருக்கே! போர்ச்சுகல்ல நம்ம முன்னோருங்க ஜன்னலைச் சாத்திக்கிட்டு, காலடிச் சத்தம் கேக்காம இதே மாதிரி மணலைக் கொட்டிக்கிட்டுக் கும்பிட்டாங்க. யூதருன்னு தெரிஞ்சு மாட்டினா எரிச்சிருவாங்கன்னு பயம். உங்களுக்கு என்ன பயம்?”

“என் சுருதிதான்.”

“அதுக்கெல்லாம் யாரும் எரிக்க மாட்டாங்க. பாடுங்க.”

அவள் ஜன்னலை இன்னும் அகலமாகத் திறக்கிறாள். உப்புக்காற்று நுழைகிறது. அவர் பாடுகிறார், முதல் வரியிலேயே சுருதி தப்புகிறது. வெளியே மாம்பழக்காரி நிமிர்ந்து பார்த்து, சிரித்துவிட்டு, மறுபடியும் பழம் அடுக்குகிறாள். பிடித்துப்போக யாரும் வரவில்லை. யோசுவா இன்னும் கொஞ்சம் உரக்கப் பாடுகிறார்.